அறுநூறு மஞ்சள் பெட்டிகள்

1986ஆம் ஆண்டு ஒக்ரோபர் பதினோராம் திகதி, சனிக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். மூன்று பாகை குளிர். மேற்கிலிருந்து மெல்லிய காற்று. முகில் இல்லாத வானத்தில் நிறைய நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றை எண்ண எனக்கு நேரம் இருக்கவில்லை. நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். வருவதாகச் சொன்னவர்கள் இருபத்திரண்டு பேர்.

"இன்னும் மூண்டு பேரைக் காணேல்லை," என்றேன்.

"அஞ்சரைக்குத்தானே வரச் சொன்னனீங்கள்," என்றாள் என் மனைவி. "அஞ்சரைக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. மூண்டு பேர் நடந்து வரப் பத்து நிமிசம் காணாதே?"

அவளுக்கு அது பகிடி. எனக்கு அப்படியில்லை. இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளில் பதினான்கு பெட்டி, இரண்டு நாள்: அறுநூற்றுப் பதினாறு பெட்டி திராட்சை. எங்களுக்குத் தேவைப்பட்டது அறுநூறு. பதினாறு பெட்டிதான் மிச்சம். மூன்று பேர் வராவிட்டால் அந்தப் பதினாறும் போய், மேலும் அறுபத்தெட்டுப் பெட்டி குறைந்துவிடும். முந்திய இரவு முழுவதும் இந்தக் கணக்கை முன்னாலும் பின்னாலும் போட்டுப் பார்த்து, நித்திரை கொள்ளாமல் கிடந்தேன்.

திராட்சை எனக்குச் சொந்தமில்லை. தோட்டமும் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவன் நான்.

1984 மார்ச்சில் நானும் மனைவியும் ரொறன்ரோவுக்கு மகளிடம் வந்து சேர்ந்தோம். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்க மகள் விடவில்லை. நான் கூட்டுறவுத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் பரிசோதகராக இருந்தவன். சங்கம் சங்கமாகப் போய் அவர்களுடைய கணக்கு, கையிருப்பு, அங்கத்தவர் வரவு எல்லாவற்றையும் பார்ப்பது என் வேலை. அதில் ஒன்பது வருடம் கள் இறக்கும் தொழிலாளர் சங்கங்களைப் பார்த்தேன். ஒரு துளி கள் நாக்கில் பட்டதில்லை. ஆனால் எந்தப் பீப்பாவில் எத்தனை கலன் இருக்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ரொறன்ரோவில் எனக்குப் பரிசோதிக்க ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணினேன். லோரன்ஸ் வீதியில் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்த்தேன். மருமகன் வேலைக்குப் போகும்போது, "மாமா, இண்டைக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு முள்ளாகக் குத்தும்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இத்தாலிக்காரரோடு பழக்கம் ஏற்பட்டது. எழுபத்து நான்கு வயது; இந்த நகரத்தில் செங்கல் அடுக்கியே வாழ்ந்தவர். இருவரும் செஸ் விளையாடுவோம். அந்த இலையுதிர் காலம் வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். நூற்று முப்பத்தொன்றில் நான் வென்றிருந்தேன். அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒக்ரோபர் முதல் கிழமையில் ஒரு நாள், தன் ராணியை என் குதிரைக்கு முன்னால் கொண்டுவந்து சும்மா வைத்தார். அவருக்கு ஏதோ பெரிய கவலை என்று அப்போதே தெரிந்தது.

அவருடைய தங்கைக்கு நயாகராப் பக்கத்தில் நான்கு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே வடக்கே ஏரி, தெற்கே நீளமாக ஒரு மலைச்சரிவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய நிலத்தில் குளிர் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதனால்தான் அங்கே திராட்சை விளைகிறது. அந்த வட்டாரத்தில் இருபத்தேழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு வைன் ஆலை வைத்திருந்தார்கள். எல்லோருடைய பழமும் ஒரே ஆலைக்கு வரும், ஒன்றாகப் பிழியப்படும், வரும் காசு பழத்தின் அளவுப்படி பிரிக்கப்படும். நாலு ஏக்கர்காரனுக்கும் நாற்பது ஏக்கர்காரனுக்கும் பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. இதைக் கேட்டவுடன் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. கடல் கடந்து வந்தும் என் திணைக்களம் என்னைத் தேடி வந்துவிட்டது போல இருந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரு விதி. ஒவ்வொரு அங்கத்தவரும் தன் தோட்டத்தில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மதிப்புச் சொல்ல வேண்டும். சொன்னதில் முக்கால்வாசியாவது ஆலையில் இறக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடம் தவறினால் அங்கத்துவம் போய்விடும். தங்கையின் கணவர் முந்திய வருடம் அறுவடை நேரத்தில் இறந்துபோனார்; அந்த வருடப் பழம் கொடியிலேயே அழுகியது. இது இரண்டாவது வருடம். வழமையாக வந்து பழம் வெட்டும் கூட்டம் கூடுதல் கூலிக்கு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. தங்கை சொன்ன மதிப்பு எண்ணூறு பெட்டி. அதில் முக்கால்வாசி, அறுநூறு. அவருடைய தோட்டத்துச் சிவப்புத் திராட்சையை ஆலை பதின்மூன்றாம் திகதி திங்கட்கிழமை மாலை ஐந்து மணியோடு எடுக்காமல் விடும்.

"அங்கத்துவம் போனால்?" என்று கேட்டேன்.

"தோட்டத்தை விற்க வேண்டியதுதான்," என்றார் இத்தாலிக்காரர்.

அவர் விளக்கத் தேவையில்லை. சங்கத்துக்கு வெளியே நிற்கும் நாலு ஏக்கர்காரியிடம் பழம் வாங்க வருபவன் தான் நினைத்த விலையைத்தான் சொல்வான். நான் யோசிக்காமல், "நான் ஆள் கொண்டு வருகிறேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்கை கள்ளு, இங்கை வைன். குடியாத மனிசனுக்கு வாய்ச்ச உத்தியோகத்தைப் பாருங்கோவன்," என்று சிரித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து ஆட்களைச் சேர்த்ததும் அவள்தான். அகதி வழக்கு முடியும்வரை வீட்டில் இருந்த இளம் குடும்பங்கள், என்னைப் போல மகன் மகளிடம் வந்த வயதானவர்கள், மோர்னிங்சைட்டில் வான் வைத்து ஆட்களைத் தோட்ட வேலைக்கு ஏற்றி இறக்கும் ஒரு மட்டக்களப்புக்காரர். மருமகனையும் அவருடைய காரோடு பிடித்துப் போட்டாள்.

ஐந்து மணி இருபத்தெட்டுக்கு அந்த மூன்று பேரும் வந்தார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

தோட்டம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. கம்பியில் படர்ந்த கொடிகள் வரிசை வரிசையாக ஏரிப் பக்கம் இறங்கிப் போயின. வரிசைகள் முப்பத்தாறு. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அதற்குக் கீழே கருநீலக் குலைகள். ஒவ்வொரு அங்கத்தவரின் பெட்டிக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார்கள், ஆலையில் யாருடையது என்று தெரிவதற்காக. இத்தாலிக்காரரின் தங்கையுடைய பெட்டி மஞ்சள். அவர் கறுப்பு உடுப்புப் போட்ட சின்ன உருவம். ஆளுக்கு ஒரு வளைந்த கத்தரிக்கோலைத் தந்து, குலையைக் கையால் தாங்கிக்கொண்டு காம்பை எப்படி வெட்டுவது என்று ஒருமுறை செய்து காட்டினார். என் மனைவிக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு இருபது ஆங்கிலச் சொல். அதை வைத்துக்கொண்டு இருவரும் காலையிலிருந்து ஓயாமல் கதைத்தார்கள்.

நான் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறி, பழத்தோடு ஒன்றரை மைல் தூரத்திலிருந்த ஆலைக்குப் போய் வந்தேன். தராசடியில் பெட்டிகளை எண்ணிக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே நின்ற நெட்டை மனிதர் ஒவ்வொரு தடவையும் இரண்டு பெட்டியிலிருந்து கொஞ்சம் பழத்தை நசித்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டுச் சீனியளவு பார்ப்பார். காலை இரண்டு தடவையும் இருபது காட்டியது. தலையசைத்து இறக்கச் சொன்னார்.

மூன்றாவது தடவை, பகல் இரண்டு மணிக்கு, பதினாறு காட்டியது. அவர் குழாயைக் கழுவிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பதினாறு. பிறகு ஒரு பெட்டியைச் சரித்தார். அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மழை பெய்ததா?" என்று கேட்டார்.

மழை பெய்யவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது. அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பெட்டியில் தண்ணீர். தண்ணீர் கலந்த பழத்தை மற்றவர்களுடைய பழத்தோடு போட முடியாது, மற்ற இருபத்தாறு குடும்பங்களுக்கும் தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் கோபிக்கவில்லை. நானும் அவருடைய இடத்தில் நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

திரும்பிப் போனபோது விஷயம் விளங்கியது. கொட்டிலுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கும் பெரிய பீப்பா. அதைச் சுற்றி என் மனைவியும் ஆறு பெண்களும். குலை குலையாகத் தண்ணீரில் தோய்த்து, உதறி, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கு அவ்வளவு அழகு. நல்லூர்த் திருவிழாத் தட்டம் போல.

"என்ன செய்யிறீர்?" என்று கத்தினேன்.

"ஏன் கத்திறியள்? கழுவிறம்."

"முந்திரிகையை ஏன் கழுவிறீர்?"

"கழுவாமல்? பாருங்கோ, பழம் முழுக்க வெள்ளையாய்ப் படிஞ்சு கிடக்கு. மருந்தெல்லே அடிச்சிருக்கினம்."

எங்கள் ஊரில் முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சை, மருந்தின் வெண்படலத்தோடுதான் சந்தைக்கு வரும். கழுவாமல் ஒரு பழத்தை வாயில் போட்டால் எந்த வீட்டிலும் அடி விழும். நாற்பது வருடப் பழக்கம் அவள் கைக்கு. இங்கே பழத்தில் இருந்த வெண்மை மருந்தில்லை. அது பழத்தின் மேல் இயல்பாகவே படியும் மாப்போன்ற படலம். அதில்தான் வைனைப் புளிக்க வைக்கும் நொதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். தங்கை அன்று சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"இது தின்னிறதுக்கில்லையப்பா, பிழியிறதுக்கு," என்றேன்.

"பிழிஞ்சு குடிக்கிறதும் மனிசர்தானே?"

"தண்ணி கலந்திட்டுதெண்டு முப்பத்தெட்டுப் பெட்டியைத் திருப்பிப் போட்டாங்கள்!"

அவளுடைய கை நின்றுவிட்டது. மற்றப் பெண்கள் பீப்பாவை விட்டு மெதுவாக விலகினார்கள். தங்கை ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மனைவியின் ஈரக் கைகளைப் பிடித்துத் தன் மேலங்கியால் துடைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த முப்பத்தெட்டுப் பெட்டியையும் நான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். அவர் மறுத்தார். ஆலை என்ன விலை கொடுக்குமோ அதே விலை என்று நான் பிடிவாதமாக நின்றேன். சங்கத்தின் விலைக்குக் குறைத்து வாங்குவது என் தொழிலுக்கு அழகில்லை. பெட்டிகளைக் கொட்டிலுக்குள் அடுக்கினோம்.

சனிக்கிழமை வெட்டியது இருநூற்று முப்பத்தொன்று. ஆளுக்குப் பதினான்கு என்ற என் கணக்கு ஆளுக்குப் பத்தரையில் நின்றது. முதுகு பிடித்தவர்கள், குளிரில் விரல் விறைத்தவர்கள், நவராத்திரி விரதத்தோடு வந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். திருப்பிப் போட்டதைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் நூற்றைம்பத்தெட்டு. இரண்டும் சேர்ந்து முந்நூற்றைம்பத்தொன்று. இருநூற்று நாற்பத்தொன்பது குறைவு. மிஞ்சியிருந்தது திங்கட்கிழமை மட்டும்.

திங்கட்கிழமை விஜயதசமி. அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை நடத்துவார்கள். அந்த வருடம் ஏழு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்க இருந்தார்கள். என் பேத்தியும் அதில் ஒருத்தி. வான்காரர் மழைக்குள் எங்களை இறக்கிவிட்டு, "மறுகா என்ன ஐயா, ஏலுமானதச் செஞ்சிட்டம்தானே," என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். நான் லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்குப் போகும்வரைக்கும் அந்த 'செஞ்சிட்டம்' காதில் இருந்தது. இத்தாலிக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, அன்று செஸ்ஸுக்குக் கீழே போகவில்லை.

அன்று சரஸ்வதி பூசை. மனைவி சின்ன மேசையில் படத்தை வைத்து, அதற்கு முன்னால் புத்தகங்களை அடுக்கினாள். மகளின் பாடப் புத்தகம், மருமகன் கார் லைசென்சுக்குப் படித்த புத்தகம், என் பேனை. நான் கதிரையில் இருந்து இருநூற்று நாற்பத்தொன்பதை எதனாலெல்லாமோ பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் குளிர்ச்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோட்டத்துக் கத்தரிக்கோல்.

"உதையேன் கொண்டு வந்தனீர்? தோட்டத்துச் சாமானெல்லே?"

"குடுக்க மறந்து போனன். எல்லாற்றை பையிலையும் கிடக்கு. இண்டைக்குத் தொழில் செய்யிற ஆயுதமும் வைக்கிறதுதானே?"

வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. பூசையிலை வைச்ச புத்தகத்தை நாளைக்கு எடுத்து நாலு வரி வாசிக்கிறம். வாசிக்கத்தானே வேணும்?"

"ஓம்."

"அப்ப உந்தக் கத்தரிக்கோலை எடுத்து என்னத்தை வெட்டுறது?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தொலைபேசிக்குப் போய்விட்டாள்.

"தங்கச்சி, உம்மடை கோட்டுப் பைக்குள்ளை கையை விட்டுப் பாரும்... ஓம், அதுதான். அதைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னாலை வையும்... ஏனோ? தொழில் ஆயுதமப்பா! வைச்சிட்டீரே? சரி, நாளைக்கு எடுத்து எதை வெட்டப் போறீர்? வீட்டிலை வெட்டுறதுக்கு என்ன கிடக்கு, திரைச்சீலையே?"

இப்படி இருபது வீட்டுக்கு. ஒரு வீட்டுக்காரி பிள்ளைக்கு ஏடு தொடக்க வேணுமே என்றாள். மனைவி அடுத்த அழைப்பை ஐயருக்கு எடுத்தாள். எங்கள் ஐயர் கிழமை நாட்களில் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சனி ஞாயிறில்தான் பூணூலுக்கு வேலை. அந்தத் திங்கள் கனடாவில் நன்றி நவிலல் விடுமுறை என்றபடியால் பள்ளிக்கூட மண்டபத்தை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. நல்ல நேரமோ காலை ஒன்பதரையோடு முடிகிறது.

"நல்ல நேரம் கதவு திறக்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்குமே ஐயா?" என்று கேட்டாள் மனைவி. "தோட்டத்துக்குப் பூட்டுமில்லை, திறப்புமில்லை."

தொலைபேசிக்கு வெளியிலும் ஐயரின் குரல் எனக்குக் கேட்டது. "அம்மா, வைன் செய்யிற இடத்திலை சரஸ்வதியே?"

"வைன் ஒண்டரை மைலுக்கு அங்காலை ஐயா. தோட்டத்திலை இருக்கிறது பழம். பழம் வைக்காமல் நீங்கள் எப்ப பூசை செய்தனீங்கள்?"

பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஐயர், "எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்று கேட்டார்.

வான் காணாது என்று விளங்கியவுடன், மட்டக்களப்புக்காரர் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஒன்றை ஒழுங்கு செய்தார். வாடகை நூற்றைம்பது டொலர். நான் ஓம் என்றேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் ஓம் என்ற தொகை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஏரிப் பக்கமிருந்து பலத்த காற்று. மழை முழுதாக விட்டு, காற்றில் இலையும் பழமும் காய்ந்துகொண்டிருந்தன. பஸ், வான், நாலு கார். நான் வாசலில் நின்று எண்ணினேன்: அறுபத்தொரு பேர். நாற்பத்திரண்டு பெரியவர்கள், பத்தொன்பது பிள்ளைகள். தங்கை வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு இருபத்திரண்டு பேர் திரும்பி வருவார்கள் என்பதற்கே நம்பிக்கை இருக்கவில்லை. பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையும் காலில் ரப்பர் சப்பாத்துமாக எங்கள் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்க இறங்க, அவர் இத்தாலி மொழியில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய அண்ணரான இத்தாலிக்காரரும் எங்களோடு பஸ்ஸில் வந்திருந்தார். அவர் தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். தன் நூற்று முப்பத்தொரு தோல்வியையும் எனக்கு மன்னித்துவிட்ட பார்வை. வென்றவன் நான் என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

கொட்டிலுக்குள் ஆறு மஞ்சள் பெட்டிகளைக் கவிழ்த்து மேடை போட்டோம். படம், குத்துவிளக்கு, தட்டில் பச்சையரிசி. கழுவிய திராட்சை ஒரு பெட்டி முழுதாக. சுற்றிவரக் கத்தரிக்கோல்கள்: தோட்டத்தின் வளைந்தவை இருபத்திரண்டு, வீடுகளிலிருந்து வந்த தையல் கத்தரிக்கோல்கள், கறி வெட்டுகிறவை, ஒரு முடி வெட்டுகிறது. ஐயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்.

விளக்கு ஏற்ற வேண்டிய நேரம் ஒரு சுமங்கலியைத் தேடி ஐயர் பார்வையைச் சுழற்றினார். என் மனைவி தீப்பெட்டியை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

கறுப்பு உடுப்பு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஒரு வயதான பெண் மெல்ல, "அவ விதவையெல்லே," என்றாள்.

"அவவின்ரை தோட்டம்," என்றாள் என் மனைவி. "அவவின்ரை பழம். இண்டைக்குத் தொடங்கிறது அவவின்ரை வேலை. வேறை ஆர் ஏத்துறது?"

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். காற்றுக்குக் கொட்டிலின் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. ஐயர் தொண்டையைச் செருமினார்.

"ஏத்தட்டும். காத்து அடிக்குது, சுணங்காமல் ஏத்தட்டும்."

முதல் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. ஐந்து திரியையும் தங்கை ஏற்றினார். ஏழு பிள்ளைகளும் ஒவ்வொருவராக ஐயரின் மடியில் இருந்து, அரிசியில் 'அ' எழுதினார்கள். என் பேத்தி எழுதி முடித்துவிட்டு ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஐயரே சிரித்துவிட்டார்.

எட்டே முக்காலுக்கு எல்லோரும் கத்தரிக்கோலை எடுத்தோம்.

அந்த நாளைப்போல ஒரு நாளை நான் கண்டதில்லை. வரிசைக்கு இரண்டு பேராக இறங்கினார்கள். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டி, மேலே தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது வரிசையில் நின்றார். மருமகன், "மாமா, எத்தினை?" என்று வரிசையிலிருந்து கத்துவார், அந்தக் கேள்வி இந்தமுறை குத்தவில்லை. நான் பின்பெட்டியில் நின்று பதில் கத்துவேன். முந்நூற்றுத் தொண்ணூறு! நானூற்று அறுபது! யாழ்ப்பாணம் ஒரு பக்கம், மட்டக்களப்பு ஒரு பக்கம் என்று எப்படியோ போட்டி பிரிந்தது. வான்காரர், "என்னகா, பருத்தித்துறை படுத்திட்டுதோ?" என்று நக்கலடிக்க, அந்தப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் சாப்பிடப் போகாமல் வெட்டினார்கள். பிள்ளைகள் வெறும் பெட்டிகளை இழுத்து வந்தார்கள். மனைவி தண்ணீர்ப் பீப்பாவின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் தானே ஏறி இருந்து சோறு குழைத்துக் கொடுத்தாள். ஒருவரும் பீப்பாவுக்குக் கிட்டப் போகக்கூடாதாம்.

அறுநூறாவது பெட்டி மாலை மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குத் தராசில் ஏறியது. நெட்டை மனிதர் நசித்து, குழாயில் விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பத்தொன்பதரை. நேற்றைய மழையில் அரை போயிருக்கிறது, பரவாயில்லை என்றார். பிறகு, அதுவரை செய்யாத ஒரு வேலை செய்தார்: கையைத் துடைத்துவிட்டு, என்னோடு வந்திருந்த தங்கைக்குக் கை கொடுத்தார், அடுத்ததாக எனக்கும். பின்பெட்டி திரும்பித் தோட்டத்துக்குள் நுழையும்போதே நான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். முப்பத்தாறு வரிசையிலிருந்தும் ஒரு சத்தம் எழும்பியது. அறுபத்தாறு வயதில், உழவு இயந்திரத்தின் பின்னால் நின்று, ஊர்வலம் போகிற தேரைப்போல வந்தேன். வெட்கமாக இருக்கவில்லை.

ஐந்து மணிக்குள் அறுநூற்று நாற்பத்து நான்கு. நல்ல நாளில் தொடங்கிய வேலைக்குக் கூலி வாங்கக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் வாங்கிய அந்த முப்பத்தெட்டுப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு பெட்டி பிரசாதமாகப் போனது. மிச்சத்தை வோபர்னுக்குக் கொண்டு வந்து எங்கள் கட்டடத்தில் கொடுத்தோம். ஜாம் காய்ச்சினார்கள், சர்பத் காய்ச்சினார்கள். ஒரு கிழமைக்கு லிஃப்டுக்குள் போனால் திராட்சை மணம். இத்தாலிக்காரர் மட்டும் தன் பங்கைக் குளியலறையில் பீப்பாவில் போட்டு மூடி வைத்தார். அதில் என்ன நடந்தது என்று நான் பரிசோதிக்கவில்லை.

அடுத்த பெப்ரவரியில் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு என்னையும் மனைவியையும் அழைத்தார்கள். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். பிழியும் இயந்திரத்தைப் புதிதாக வாங்குவதா என்று வாக்கெடுத்தார்கள். பழைய பழக்கத்தில் நான் கைகளை எண்ணினேன். ஆதரவாக இருபது, எதிராக ஏழு. மொத்தம் இருபத்தேழு. எதிராக எழும்பிய கைகளில் ஒன்று கறுப்புச் சட்டைக்குள் இருந்தது; பழைய இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறதாம். அவர் வாக்குத் தோற்றது. தோற்பதற்கு ஒரு வாக்கு அவரிடம் இருந்தது. என் மனைவி என் கையில் கிள்ளினாள்.

காரில் திரும்பும்போது மருமகன் எல்லாமாக எனக்கு எவ்வளவு செலவு முடிந்தது என்று கேட்டார். சொன்னேன். "மாமா, கடையிலை ஒரு போத்தில் ஏழு டொலர். உந்தக் காசுக்கு ஐம்பத்தாறு போத்தில் வாங்கியிருக்கலாம்," என்றார்.

"ஆர் குடிக்கிறதுக்கு?" என்றாள் என் மனைவி.

கழுவிய பழம் முப்பத்தெட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஆறு டொலர்படி இருநூற்று இருபத்தெட்டு. பஸ் நூற்றைம்பது. கற்பூரம், பூ, வாழைப்பழம், அரிசி, அணைந்துபோன இரண்டு குச்சியும் சேர்த்து ஒரு தீப்பெட்டி, பத்தொன்பது டொலர் நாற்பது சதம். மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு டொலர் நாற்பது சதம்.